பீரோவில் ரிவால்வர், தலைமாட்டில் பயம்

வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்கக் கூட்டம். தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு, மொட்டை மாடியில் துணி காயப்போடும் தகராறு எல்லாம் முடிந்து, டீயும் வந்துவிட்டது. கடைசியாக எழுந்தவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். நாலு தெரு தள்ளி ஒரு தனி வீட்டில் பின்பக்க கிரில்லை அறுத்து நகையை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

“சிசிடிவி, சிசிடிவின்னு சொல்றீங்க. திருடன் வந்துட்டுப் போனதை அது காலையில காட்டும். எனக்கு ஒரு ரிவால்வர் லைசென்ஸ் வாங்கணும். யாரைப் பார்க்கணும் சார்?”

யாரும் சிரிக்கவில்லை. ரெண்டு பேர் ‘எனக்கும் சொல்லுங்க’ என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பின்வரிசையிலிருந்த முன்னாள் ராணுவத்துக்காரர்தான் பேசினார். “லைசென்ஸ் கிடைச்சிருச்சுன்னே வச்சுக்குவோம் சார். ராத்திரி அதை எங்க வைப்பீங்க?”

“தலைமாட்டுலதான். அவசரத்துக்குக் கைக்கு எட்டணுமே?”

“மே மாசம் பேரன் வருவானே, அப்போ?”

கூட்டம் அதோடு கலைந்தது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கிளம்பினால், ஜுஹு, பிரிட்டோரியா, காட்டுமன்னார்கோவில் என்று எங்கெங்கோ போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

பயம் வந்த வழி

ஒரு தலைமுறைக்கு முன் கேளம்பாக்கம் என்றால் உப்பளம், கோவளத்துக்குத் திரும்பும் முக்கு, திருப்போரூர் போகிற பஸ். சிறுசேரியில் சிப்காட் ஐ.டி. பூங்கா வந்தபின் படூர், தையூர், புதுப்பாக்கம் எல்லாம் மாடிக் குடியிருப்புகளும் வில்லாக்களுமாக மாறின. மனைகளுக்கு நடுவே மனிதர் இல்லாத வெற்றிடங்கள் இன்னும் நிறைய. விளக்கில்லாத உள்சாலைகளும் அப்படித்தான். 2014 பிப்ரவரியில் சிறுசேரியில் வேலை முடிந்து கிளம்பிய ஓர் இளம் மென்பொருள் பொறியாளர் கொல்லப்பட்டபோது இந்தச் சாலை முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. 2022 ஜனவரியில் தாம்பரம் தனி ஆணையரகமானது. ரோந்து கூடியது. பயம் போய்விடவில்லை.

அதற்குத் தீனி போட்டவை மேற்கு மாவட்டச் செய்திகள். 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூவரும் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தனியாக இருந்த முதிய தம்பதி கொல்லப்பட்டுக் கிடந்தது தெரியவந்தது. ‘துப்பாக்கி உரிமமாவது கொடுங்கள்’ என்ற குரல் அப்போது கொங்குப் பக்கம் எழுந்தது. வாட்ஸ்அப்பில் ஏறி அது நம் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் (ஓ.எம்.ஆர்.) வந்து சேர்ந்துவிட்டது.

நம் வட்டாரம் துப்பாக்கியே பார்க்காத ஊரும் இல்லை. 2020 ஜூலை 11 அன்று திருப்போரூர் அருகே செங்காடு கிராமத்தில் நிலம், பாதை தொடர்பான தகராறு முற்றித் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அப்போதைய திருப்போரூர் எம்.எல்.ஏ. இதயவர்மன் கைது செய்யப்பட்டார். தற்காப்புக்காகவே சுட்டதாக அவர் தரப்பு சொன்னது. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: தகராறில் சம்பந்தமே இல்லாமல் அந்த வழியாக வந்த ஒருவர் குண்டடி பட்டார்.

[பெட்டிச் செய்தி] லைசென்ஸ்: சுருக்கமாக

• ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016. விண்ணப்பிக்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர், ஆணையரகம் உள்ள பெருநகரங்களில் காவல் ஆணையர் போன்றோர் உரிமம் வழங்கும் அதிகாரிகள். போலீஸ் விசாரணை அறிக்கை கட்டாயம்.

• ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வேன் என்ற உறுதிமொழியையும் விண்ணப்பத்தோடு தர வேண்டும். பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று தனி.

• 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கி வைத்திருக்கலாம், முன்பு 3. உரிமத்தின் ஆயுள் 5 ஆண்டு, முன்பு 3.

• உரிமமில்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

• 9 எம்.எம்., .38, .45 ரகங்கள் சாமானியருக்குத் தடை. சாதாரணமாகக் கிடைப்பது .32 ரக ரிவால்வர், பிஸ்டல்.

• நாடு முழுக்க 2016 கடைசியில் இருந்த உரிமங்கள் 33.69 லட்சம். அதில் உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம்.

விழித்தெழும் கை

தலைமாட்டுத் துப்பாக்கியின் கதையை உலகமே பார்க்கும்படி நடத்திக் காட்டியவர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ். செயற்கைக் கால்களோடு ஒலிம்பிக்கில் ஓடிய தென்னாப்பிரிக்க வீரர். அவர் குடியிருந்தது பிரிட்டோரியாவில், சுற்றுச்சுவரும் காவலும் கொண்ட வளாகம். நம்மூர் ‘கேட்டட் கம்யூனிட்டி’ மாதிரி. 2013 பிப்ரவரி 14, விடிவதற்கு முன். குளியலறைப் பக்கம் சத்தம் கேட்டது, திருடன் என்று நினைத்தேன் என்றார். 9 எம்.எம். பிஸ்டல் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. பூட்டிய கழிவறைக் கதவு வழியாக நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்தது அவருடைய காதலி ரீவா ஸ்டீன்கேம்ப். அவர் இறந்துபோனார்.

முதலில் கொலையாகாத மரணம் என்றது விசாரணை நீதிமன்றம். 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்று மாற்றியது. கதவுக்குப் பின்னால் யார் இருந்திருந்தாலும், அந்தச் சின்ன அறைக்குள் சுட்டால் ஆள் சாவார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் வாதம். தண்டனை கடைசியில் 13 ஆண்டு 5 மாதமாக உயர்ந்தது. 2024 ஜனவரியில்தான் பரோலில் வெளியே வந்தார்.

அவர் சொன்னதை அப்படியே நம்பினாலும் விஷயம் மாறாது. தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழிப்பவரின் மூளை முழுதாகத் தெளியச் சில நிமிடங்கள் ஆகும். சிலருக்கு அரை மணி நேரம்கூட. கைக்கு அந்தத் தாமதம் கிடையாது. எட்டுகிற இடத்தில் என்ன இருக்கிறதோ அதை எடுத்துவிடும்.

இப்போது கேளம்பாக்கத்துக்கு வருவோம். இங்கே ராத்திரி மூன்று மணிக்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் வருவது யார்? பத்துக்கு ஒன்பது வீட்டில் சிறுசேரியிலிருந்து ஷிஃப்ட் முடிந்து கேபில் வந்து இறங்கும் மகளோ மகனோதான். அப்பா அம்மாவை எழுப்ப வேண்டாமென்று விளக்குப் போடாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகள். திருடன் நடப்பதும் அப்படியேதான்.

எடுத்து வைக்கும்போதே

சரி, யாரையும் சுடவே இல்லை, பீரோவில் பத்திரமாக வைக்கிறேன் என்பவர்களுக்கு நடிகர் கோவிந்தா. 2024 அக்டோபர் 1, மும்பை ஜுஹு, அதிகாலை சுமார் 4.45 மணி. கொல்கத்தா விமானத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், உரிமம் பெற்ற தன் ரிவால்வரை அலமாரியில் வைக்கப் போனார். கை நழுவியது, குண்டு பாய்ந்தது, இடது முழங்காலுக்குக் கீழே காயம். உயிருக்கு ஆபத்தில்லை. தோட்டாவை எடுத்துவிட்டு வைத்திருந்தால் அது ஓர் இரும்புத் துண்டு விழுந்த சத்தத்தோடு போயிருக்கும்.

தமிழர்களுக்கு இன்னும் பழைய கதை ஒன்று மனப்பாடம். 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவருமே பிழைத்தார்கள். தோட்டாக்கள் வருடக்கணக்கில் மேசை டிராயரில் உருண்டு உருண்டு வீரியம் இழந்திருந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். படம் தெருவெங்கும் ஒட்டப்பட்டதும், அந்த ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் அவர் பரங்கிமலையில் ஜெயித்ததும் வேறு கதை. ஆனால் கோபம் வரும்போது ஒரு ரிவால்வர் கையில் எடுக்கும் நிலையில் இருந்தது என்பதைத்தான் அந்தச் சம்பவத்தில் நாம் எப்போதும் தாண்டிப் போய்விடுகிறோம். அங்கே திருடன் யாரும் வரவில்லை. வந்தவரும் இருந்தவரும் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள்.

[பெட்டிச் செய்தி] 398 சாவுகள்

அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுன்ட்டியில் 1978 முதல் 1983 வரை, துப்பாக்கி இருந்த வீட்டுக்குள்ளேயே அந்தத் துப்பாக்கியால் நேர்ந்த 398 மரணங்களை மருத்துவர்கள் கெல்லர்மனும் ரீயும் ஆராய்ந்தார்கள். முடிவு 1986-ல் வெளியானது. தற்கொலை 333. குற்றக் கொலை 41. விபத்து 12. தற்காப்புக்காகச் சுட்டது 9. சுடாமலே திருடனை விரட்டிய சம்பவங்கள் இந்தக் கணக்கில் வராது என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். அது நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் 333 என்ற எண் அப்படியே நிற்கிறது.

காட்டுமன்னார்கோவில் லாக்கர்

‘சாகணும்னு முடிவு பண்ணினவன் எப்படியும் சாவான்’ என்று நம்மூரில் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். அது தப்பு என்று காட்டிய ஆராய்ச்சி நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், சிநேகா அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு, கிராமத்தில் பொது இடத்தில் லாக்கர்கள் அமைத்து, பூச்சிமருந்தை அங்கே பூட்டிவைக்கும்படி விவசாயிகளிடம் சொன்னது. பேங்க் லாக்கர் போல, அவரவர் சாவி அவரவரிடம். மருந்து வீட்டுத் திண்ணையில் இல்லாமல் போனதும் அந்த ஊர்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகள் குறைந்தன. 2013-ல் வெளியான ஆய்வு இது. இலங்கையிலும் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததும் தற்கொலை விகிதம் சரிந்தது.

நெஞ்சை அடைக்கும் அந்த வேகம் பல பேருக்கு நிமிஷக்கணக்கில்தான் இருக்கும். அதற்குள் கையில் எதுவும் அகப்படாவிட்டால் ஆள் பிழைத்துவிடுகிறார். பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரம், வேலை போன மாதம், குடித்துவிட்டு வீடு வரும் இரவு. பீரோ சாவி எங்கே தொங்குகிறது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பேரனுக்கு முதலில் தெரியும். (மனம் தாங்காமல் இருப்பவர்கள் சிநேகாவின் 044-24640050 எண்ணிலும், அரசின் 104 எண்ணிலும் பேசலாம்.)

மூன்று நொடியா, முப்பது நொடியா?

இனி அந்த முன்னாள் ராணுவத்துக்காரரின் கேள்விக்கு நேரடியாகவே வருவோம். உரிமம் இருக்கிறது, துப்பாக்கியும் இருக்கிறது. எங்கே வைப்பது?

பூட்டிவைத்தால் அவசரத்துக்கு உதவாது என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் வாதம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், வீட்டுத் துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், பிரித்தோ விசைப்பூட்டு போட்டோதான் வைக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2008-ல் ஹெல்லர் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது; அப்படி வைத்தால் தற்காப்பு உரிமைக்குப் பொருளே இல்லை என்றது. அதே அமெரிக்காவில்தான் மிஷிகன் மாநில ஜேம்ஸ், ஜெனிஃபர் கிரம்ப்ளி தம்பதிக்கு 2024 ஏப்ரலில் 10 முதல் 15 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. 2021 நவம்பரில் அவர்களுடைய 15 வயது மகன், வீட்டிலிருந்த துப்பாக்கியை எடுத்துப்போய் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்றான். வீட்டில் பெட்டகம் இல்லாமல் இல்லை. அதன் ரகசிய எண் 0-0-0. கம்பெனியில் வைத்து அனுப்பியதை யாரும் மாற்றவில்லை. கொலைக்குப் பயன்பட்ட துப்பாக்கி அதற்குள்ளும் இல்லை.

நம் தீர்ப்பு இது: மூன்று நொடியில் உங்கள் கைக்கு வரும் துப்பாக்கி, மூன்று நொடியில் வீட்டில் எவர் கைக்கும் வரும். நேரம் வேண்டுமென்றால் அதைக் கதவிடம் வாங்க வேண்டும். துப்பாக்கிப் பூட்டைத் தளர்த்தி வாங்கக் கூடாது. படுக்கையறைக்கு உள்தாழ்ப்பாள் போட்ட கனமான கதவு, பின்பக்கம் இரட்டை கிரில், நடமாட்டம் தெரிந்தால் தானே எரியும் விளக்கு, குரைக்கத் தெரிந்த ஒரு நாட்டு நாய். திருடன் இவற்றைத் தாண்டி வர எடுத்துக்கொள்ளும் நிமிடங்களில் பெட்டகத்தைத் திறக்கலாம். அதற்கு முன்பே 100-க்குப் போன் போட்டுவிடலாம் என்பது இன்னும் நல்ல செய்தி.

பெட்டகம் என்றால் துணிக்கு நடுவே வைக்கும் தகரப்பெட்டி ஆகாது. இலேசான பெட்டியைத் திருடன் அப்படியே தூக்கிக்கொண்டு போவான். அப்புறம் உங்கள் பெயரில் உரிமமுள்ள துப்பாக்கி அவன் இடுப்பில் இருக்கும். சுவரிலோ தளத்திலோ போல்ட் போட்டு இறுக்கிய எஃகுப் பெட்டகம் வேண்டும். எண் பூட்டு என்றால் பிறந்தநாள், கார் நம்பர், 1234 மூன்றும் கூடாது. கைரேகைப் பூட்டு வேகமானதுதான். வியர்த்த விரலுக்கும், பேட்டரி தீர்ந்த இரவுக்கும் அது திறக்காது. அதற்கென்று கொடுக்கும் மாற்றுச் சாவியை அதே டிராயரில் போட்டு வைப்பவர்கள் அநேகம். வீட்டுச் சாவிக்கொத்தில் இந்தச் சாவி சேரவே கூடாது.

துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில். குழந்தைகள் வந்துபோகும் வீட்டுக்கு இதில் சலுகை கிடையாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் இதைத்தான் சொல்கிறது. பழைய ரிவால்வர்கள் சிலவற்றில், கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் அமைப்பே இருக்காது. விசைப்பூட்டை வெறும் துப்பாக்கிக்குத்தான் போட வேண்டும். தோட்டா நிரம்பியதற்குப் போட்டால் அந்தப் பூட்டே விசையைத் தட்டிவிடலாம்.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. கோவளத்திலிருந்து வரும் உப்புக்காற்று கிரில்லையே அரிக்கிற ஊர் இது. தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் மூடிவைத்தால் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பில் துரு ஏறும். உறையை விட்டு எடுத்து, மெல்லிய எண்ணெய் தடவி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வைக்க வேண்டும். துருப்பிடித்த துப்பாக்கி சுட வேண்டிய நேரத்தில் சுடாது.

உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. ‘நான் ஊருக்குப் போறேன், ஜாக்கிரதைக்கு வச்சுக்கோ’ என்று மனைவியிடமோ தம்பியிடமோ சாவியைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. அவர் பெயர் உரிமத்தில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்பக் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் நீங்கள் எப்படித் தூங்குகிறீர்களோ, அப்படியே மற்ற நாளும் தூங்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கலாம்.

சுட்டபின்

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 41-வது பிரிவு, சூரியன் மறைந்தபின் வீட்டை உடைத்து நுழைபவனுக்கு எதிராக உயிர் போகும் அளவுக்குத் தற்காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. 37-வது பிரிவு அதற்குக் கடிவாளம் போடுகிறது: தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸ் உதவி பெற அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுட்டால் எந்தப் பிரிவும் கைகொடுக்காது. குண்டும் அங்கேயே நின்றுவிடாது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே சுடுதளத்திலிருந்து வந்த குண்டு, தாத்தா வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாளில் அவன் இறந்தான். அது நீள்துப்பாக்கி; ரிவால்வருக்கு அவ்வளவு எட்டம் இல்லை. ஆனால் அடுக்குமாடியில் பக்கத்து ஃபிளாட் ஜன்னல் பதினைந்து அடிதான்.

தற்காப்பு உரிமைக்குத் துப்பாக்கி தேவையென்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. 2012-ல் மதுரையில், மகளைக் காப்பாற்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை, பழைய தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவைக் காட்டி விடுவித்தார் அப்போதைய எஸ்.பி. அஸ்ரா கர்க். 2019 ஆகஸ்ட் 11 இரவு, கடையம் அருகே கல்யாணிபுரத்தில் முகமூடியோடு அரிவாளைத் தூக்கி வந்த இருவரை ஒரு முதிய தம்பதி பிளாஸ்டிக் நாற்காலி, செருப்பு, கைக்குக் கிடைத்த சாமான்களை வீசியே துரத்தினார்கள். நாடே அந்த வீடியோவைப் பார்த்தது. நாலே நாளில் சுதந்திர தின மேடையில் முதல்வர் கையால் வீரதீர விருது. சிவகிரித் தம்பதிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை என்பதும் உண்மை. தலைமாட்டில் ரிவால்வர் இருந்திருந்தால் கதை மாறியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

[பெட்டிச் செய்தி] துப்பாக்கி இல்லாமலே

• அவசரத்துக்கு 100 அல்லது 112. ‘காவல் உதவி’ செயலி 2022 ஏப்ரல் முதல் இருக்கிறது. போனில் ஏற்றி, ஒருமுறை திறந்து பழகிக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் முதியோருக்கு 14567.

• வெளியூர் போனால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். பூட்டிய வீட்டை ரோந்துக் காவலர் பார்த்துக்கொள்வார்.

• நகை பேங்க் லாக்கரில் இருக்கட்டும். வீட்டில் இல்லாத நகைக்காக யாரும் கழுத்தில் கத்தி வைக்க மாட்டார்கள்.

• நள்ளிரவில் வரும் பிள்ளைகள் கேட்டருகே வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுக்கட்டும். வீட்டுக்குள் விளக்குப் போட்டுக்கொண்டே வரட்டும்.

உரிமம் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு உரிமப் புத்தகத்தை எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி துப்பாக்கியையும் தோட்டாக்களையும் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ தாமதிக்காமல் ஒப்படைத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.